கூகுளில் இருந்து ஆள் வருவது குறைந்துவிட்டதா? சிறிய வெப்சைட் வைத்திருப்பவர்கள் வரிசையாகச் செய்ய வேண்டியவை

கும்பகோணத்தில் எங்களுக்குப் பித்தளை விளக்கு, பாத்திரக் கடை. 2018-ல் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டோம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பற்றி, கல்சட்டி பழக்குவது பற்றி, ஈயம் பூசுவது பற்றி என்று நிறைய எழுதி வைத்தோம், கூகுளில் தேடி வருபவர்களால் வெளியூர் விற்பனை நன்றாகவே நடந்தது. 2024 கடைசியில் வாட்ஸ்அப் விசாரணை பாதியாகிவிட்டது. கணக்கைப் பார்த்தால் கூகுள் வழியாக மாதம் 4,000 கிளிக் வந்த இடத்தில் 1,500 கூட வரவில்லை. பதற்றத்தில் ஒரு நிறுவனத்திடம் 24,000 ரூபாய் கொடுத்தேன், ஆறு மாதம் போனது, நிலைமை இன்னும் மோசமானது. அதன் பிறகுதான் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

இதில் பெரும்பாலான வேலை இலவசம், கணினிப் படிப்பும் தேவையில்லை, ஆனால் வரிசை முக்கியம். நான் வரிசையை மாற்றிச் செய்துதான் பணத்தையும் காலத்தையும் இழந்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

1. முதலில் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

எதையும் திருத்துவதற்கு முன்னால், உங்கள் வெப்சைட் உண்மையிலேயே உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். டொமைன் (வெப்சைட்டின் பெயர்) எந்தக் கணக்கில் வாங்கப்பட்டது, ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடம்) லாகின் யாரிடம், தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அட்மின் பாஸ்வேர்டு யாரிடம், கூகுள் கணக்குகள் எந்த மின்னஞ்சலில் இருக்கின்றன என்று நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் டொமைன், தளத்தைச் செய்து கொடுத்தவர்களின் கணக்கில் இருந்தது. ஆறு வருடம் எனக்கு அது தெரியாது. டிஎன்எஸ்ஸில் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டபோது அதற்குத் தனியாக 3,000 ரூபாய் கேட்டார்கள்.

டொமைன் வேறொருவர் கணக்கில் இருந்தால், டிரான்ஸ்ஃபர் கோடு கேட்டு வாங்கி உங்கள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாட் காம் போன்றவற்றில், வாங்கியோ மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது, அதனால் கார்த்திகை, பொங்கல் மாதிரி சீசனுக்கு முன்னால் இதைத் தொடங்க வேண்டாம். மாற்றும்போது பொதுவாக ஒரு வருடப் புதுப்பித்தல் கட்டணம் ஆகும், அந்த வருடம் காலாவதித் தேதியோடு சேர்ந்துவிடும். விலையைப் பார்க்கும்போது முதல் வருடத்து 99, 199 ரூபாய் விளம்பரத்தைப் பார்க்காமல் இரண்டாம் வருடம் என்ன என்று பாருங்கள், பல மடங்கு இருக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு.

கூடவே ஒரு கோப்பில் இவற்றை ஸ்கேன் செய்து வையுங்கள்: டொமைன் பில், ஹோஸ்டிங் பில், ஜிஎஸ்டி சான்றிதழ் இருந்தால் அது, உத்யம் சான்றிதழ் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு), கடையின் மின் கட்டண ரசீது, பெயர்ப்பலகை தெரியும் போட்டோ. ஏழாவது படியில் இவை அவசரமாகத் தேவைப்படலாம். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் கூகுளிலேயே மேலே வரும், கவனம்.

2. சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேருங்கள்

கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். எந்த வார்த்தையைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கூகுளே இதில் சொல்கிறது. வெளியில் விற்கும் எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

சேர்க்கும்போது இரண்டு வழி காட்டும். டொமைன் என்கிற முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள், தளத்தின் எல்லா வடிவங்களும் அதற்குள் வந்துவிடும். அது கொடுக்கும் டெக்ஸ்ட் ரெக்கார்டு வரியை நகலெடுத்து டொமைன் கணக்கின் டிஎன்எஸ் பகுதியில் ஒட்ட வேண்டும். சில நிமிடங்களில் ஆகும், சில சமயம் ஒரு நாள் எடுக்கும். உறுதியான பிறகும் அந்த வரியை அழிக்காதீர்கள், அழித்தால் உங்கள் உரிமை போய்விடும்.

சர்ச் கன்சோல் 16 மாதத் தரவுதான் வைத்திருக்கும். அடுத்த வருடம் இந்த வருடத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் இன்றைக்கே சேர்த்தால்தான் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரவைப் பதிவிறக்கி வையுங்கள், ஒரு தடவைக்கு 1,000 வரி வரை கிடைக்கும், சிறிய தளத்துக்கு அது போதும்.

உரிமையாளர்கள் பட்டியலையும் பாருங்கள். பழைய டெவலப்பர், பழைய ஏஜென்சி யாராவது இன்னும் முழு உரிமையோடு இருந்தால் நீக்குங்கள், அவர்கள் போட்ட உறுதிப்படுத்தும் கோப்பையோ வரியையோ சேர்த்து நீக்கினால்தான் திரும்ப வர முடியாது.

3. எது குறைந்தது என்று கண்டுபிடிக்காமல் எதையும் திருத்தாதீர்கள்

நான் செய்த பெரிய தவறு இங்கேதான். கிளிக் குறைந்தது என்றதும் தளத்தின் வடிவமைப்பு, தலைப்புகள், பக்க முகவரிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னேன். எதனால் குறைந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாத நிலை ஆகிவிட்டது.

பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது), சராசரி இடம் மூன்றையும் டிக் செய்யுங்கள். தேதியில் ஒப்பிடும் வசதி இருக்கிறது. போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். எங்கள் கடையில் விளக்கு தேடுபவர்கள் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் குவிவார்கள், டிசம்பரையும் பிப்ரவரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தளமே செத்துவிட்டது போலத் தெரியும். பிறகு பக்கம் பக்கமாகப் பாருங்கள். நான்கு விதமாக இருக்கலாம்.

இம்ப்ரெஷன் அப்படியே, இடமும் அப்படியே, கிளிக் மட்டும் விழுந்திருக்கிறது என்றால், தேடியவருக்குப் பதில் கூகுள் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது என்று பொருள். ஏஐ ஓவர்வியூ எனப்படும், மேலே வரும் சுருக்கமான பதில் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் தளத்தில் பெரும்பாலான இழப்பு இந்த வகைதான். அந்தச் சொல்லை மொபைலில் நீங்களே தேடிப் பார்த்தால் தெரியும். இந்தப் பதில்களில் இருந்து வரும் கிளிக்கை சர்ச் கன்சோல் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை, மொத்தக் கணக்கில்தான் சேர்க்கிறது, எனவே கண்ணால் பார்ப்பது தவிர வழியில்லை.

இடம் 4-ல் இருந்து 15-க்குப் போயிருக்கிறது, இம்ப்ரெஷனும் கிளிக்கும் சேர்ந்து விழுந்திருக்கின்றன என்றால், கூகுள் மற்ற தளங்களை உங்களுக்கு மேலே வைத்துவிட்டது. விழுந்த தேதியைக் குறித்துக்கொண்டு கூகுள் சர்ச் ஸ்டேட்டஸ் டேஷ்போர்டில் அந்த நாட்களில் கோர் அப்டேட் (தேடல் வரிசையை கூகுள் பெரிய அளவில் மாற்றியமைப்பது) நடந்ததா என்று பாருங்கள். 2024 மார்ச் 5-ல் தொடங்கிய அப்டேட் ஏப்ரல் 19 வரை 45 நாள் நடந்தது. அப்டேட் நடக்கும்போது எண்கள் ஏறி இறங்கும், முடிந்து ஒரு முழு வாரம் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று கூகுளே சொல்கிறது.

இம்ப்ரெஷன் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் அது தொழில்நுட்பக் கோளாறு. பேஜஸ் அறிக்கைக்குப் போனால் எந்தப் பக்கம் ஏன் சேர்க்கப்படவில்லை என்று இருக்கும். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் தேடுபொறிகளை வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, தளத்தைப் புதுப்பிக்கும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுவார்கள், முதலில் அதைப் பாருங்கள். மேனுவல் ஆக்ஷன் பகுதியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், அங்கே ஒன்றும் இல்லை என்றால் கூகுள் ஊழியர் யாரும் உங்கள் தளத்துக்குத் தண்டனை போடவில்லை.

இடம் நன்றாகவே இருக்கிறது, இம்ப்ரெஷன் மட்டும் குறைவு என்றால், தேடுபவர்களே குறைந்திருக்கலாம். கூகுள் ட்ரெண்ட்ஸில் அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். இன்னொரு கண்ணியும் இங்கே உண்டு: 2025 செப்டம்பரில் ஒரே பக்கத்தில் 100 முடிவுகளை வரவழைக்கும் வழியை கூகுள் மூடியது, ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதைத்தான் பயன்படுத்தி வந்தன, அதனால் பல தளங்களில் இம்ப்ரெஷன் திடீரென்று சரிந்தது, சராசரி இடம் மட்டும் நன்றாக ஆனது போலத் தெரிந்தது. அந்த மாதம் இம்ப்ரெஷன் மட்டும் குறைந்து கிளிக் குறையாமல் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இந்த வேலைக்கு எனக்கு மூன்று நாள் மாலை நேரம் ஆனது, அவசரப்பட வேண்டாம்.

4. பக்கங்களைப் பிரியுங்கள்: யாரும் சொல்லக்கூடியது, நீங்கள் மட்டும் சொல்லக்கூடியது

எங்கள் தளத்தில் அதிகம் விழுந்தவை எவை தெரியுமா? ‘விளக்கு எந்தத் திசை பார்த்து ஏற்ற வேண்டும்’, ‘பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் என்ன வித்தியாசம்’, ‘ஐந்து முகம் ஏற்றினால் என்ன பலன்’. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை, செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம் என்று இரண்டு வரியில் முடிகிற பதிலுக்கு இனி யாரும் உங்கள் தளத்துக்கு வர மாட்டார்கள். அந்தப் பக்கத்தை 300 சொல்லில் இருந்து 2,000 சொல்லாக நீட்டினாலும் வர மாட்டார்கள். இதை ஏற்றுக்கொள்ள எனக்கு நிறைய நாள் பிடித்தது, ஏனென்றால் தளத்தின் பாதிக் கூட்டம் அதில்தான் வந்துகொண்டிருந்தது.

ஆனால் விற்பனைப் பதிவேட்டைப் பார்த்தால், அந்தப் பக்கங்களுக்கு வந்தவர்கள் வாங்கியது மிகக் குறைவு. வாங்கியவர்கள் வந்த வழி வேறு. ‘3 அடி குத்துவிளக்கு எத்தனை கிலோ’, ‘மரை கழன்ற குத்துவிளக்கைச் சரி செய்ய முடியுமா’, ‘பழைய பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச எவ்வளவு ஆகும்’, ‘பெங்களூருக்கு விளக்கு பார்சல் அனுப்பினால் தண்டு வளையுமா’. இதற்கெல்லாம் விளக்கைக் கையில் எடுத்தவர்தான் பதில் சொல்ல முடியும். இந்தப் பக்கங்களில் கிளிக் குறையவே இல்லை.

ஆகவே ஒரு தாளில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, இது வேறு பத்துத் தளங்களிலும் இருக்கிறதா, எங்களிடம் மட்டும்தான் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். முதல் பத்தியில் விழும் பக்கங்களை அழிக்க அவசரப்படாதீர்கள். அவற்றில் உங்கள் சொந்த அனுபவம், போட்டோ, விலை, அளவு எதையாவது சேர்க்க முடியுமானால் சேருங்கள். ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி எழுதிய நான்கு பக்கங்கள் இருந்தால் ஒன்றாக்கி, மற்ற மூன்றையும் நல்ல பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) செய்யுங்கள், அதைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காதீர்கள். நீக்கிய பக்கங்களை எல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது பலர் செய்யும் தவறு, கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், ஏஐ கருவியில் ஒரே நாளில் 200 கட்டுரை எழுதிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தேடலில் மேலே வருவதற்காக மட்டும் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது, மனிதர் எழுதினாலும் கருவி எழுதினாலும் ஒன்றுதான். நான் பணம் கொடுத்த நிறுவனம் எங்கள் தளத்தில் போட்டது அப்படிப்பட்ட 140 கட்டுரைகள். எல்லாவற்றையும் நீக்கினேன்.

5. வாடிக்கையாளர் கேட்ட கேள்வியிலிருந்து எழுதுங்கள்

எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் வாட்ஸ்அப்பைத் திறந்து கடைசி 100 விசாரணையைப் படியுங்கள். நான் அப்படிப் படித்தபோது 17 பேர் ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரி கேட்டிருந்தார்கள்: விளக்கு உள்ளே கெட்டியா, வெற்றுக் கூடா? தளத்தில் ஒரு இடத்திலும் அதற்குப் பதில் இல்லை. தண்டைக் கழற்றி, உள்பக்கம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, ஒவ்வொரு அளவுக்கும் எடையைத் தராசில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். ஒரு பக்கம், இரண்டு மணி நேர வேலை, இன்றைக்கு அதிகம் விசாரணை வருவது அதில்தான்.

ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் அளவு, எடை, விலை, இருப்பு இருக்கிறதா, அனுப்ப எத்தனை நாள், திருப்பி எடுப்பீர்களா என்பது எழுத்தாக இருக்க வேண்டும். ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று விடாதீர்கள். விலை, இருப்பு விவரத்தைத் தேடுபொறி படிக்கிற வடிவில் சேர்க்க வேர்ட்பிரஸில் இலவச ப்ளக்இன்கள் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்கள்) இருக்கின்றன. கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் பொருட்களை விளம்பரக் காசு இல்லாமலும் பட்டியலிடலாம். பக்கத்தில் கேள்வி பதில் இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீட்டைச் சேர்த்தால் கூகுளில் பெரிதாகத் தெரியும் என்று இன்னும் சிலர் விற்கிறார்கள், 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அதை அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.

எங்களைப் பற்றி என்ற பக்கத்தில் உரிமையாளர் பெயர், கடை முகவரி, தொலைபேசி, புகார் சொல்ல வேண்டியவர் யார் என்பதை எழுதுங்கள். ஆன்லைனில் விற்பவர்கள் இவற்றைக் காட்ட வேண்டும் என்பது 2020 மின்வணிக நுகர்வோர் விதிகளிலும் இருக்கிறது, வாங்குபவருக்கும் அப்போதுதான் நம்பிக்கை வரும்.

பழைய கட்டுரையில் ஒன்றையும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவதைச் செய்யாதீர்கள்.

6. தமிழில் எழுதுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கம் திரையில் தமிழாகத் தெரியலாம், தேடுபொறிக்கு அது புரியாத ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு (எல்லாக் கணினியும் படிக்கும் எழுத்து முறை) மாற்றுங்கள், மாற்றித் தரும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருந்தால் எழுத்தாகவும் போடுங்கள்.

மக்கள் ஒரே பொருளைப் பல விதமாகத் தேடுகிறார்கள். குத்துவிளக்கு என்றும் குத்து விளக்கு என்று பிரித்தும், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தும், இப்போது நிறைய பேர் குரலில் முழு வாக்கியமாகவும் கேட்கிறார்கள். எல்லா வடிவத்தையும் ஒரு பக்கத்தில் திணிக்கத் தேவையில்லை. சர்ச் கன்சோலில் எந்த வடிவத்தில் அதிகம் வருகிறது என்று பார்த்து அதைத் தலைப்பில் வையுங்கள், மற்றொன்று பத்தியில் இயல்பாக வந்தால் போதும்.

பக்க முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் கூகுளுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளோடு நீண்ட வால் மாதிரி வந்துவிடும், பலர் மோசடி இணைப்பு என்று நினைக்கிறார்கள். புதிய பக்கங்களுக்கு முகவரியைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் வைக்கிறேன். பழைய முகவரிகளை இதற்காக மாற்ற வேண்டாம். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்காமல் தனித்தனிப் பக்கமாக வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுங்கள்.

மொபைலில் வேகமும் இதோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் கூகுள் இப்போது மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைப் போடுங்கள். பெரிய படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் வர வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைய வேண்டும். எங்களுக்குக் காரணம் 6 எம்பி அளவில் போட்ட விளக்குப் படங்கள்தான், சுருக்கியதும் சரியாகிவிட்டது. திருத்திய மறுநாளே அறிக்கை மாறாது, அது கடந்த 28 நாள் தரவை வைத்து வருவது. நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்க அவசியமில்லை.

7. மேப்பில் கடையைச் சரி செய்யுங்கள்

கடை உள்ளவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகப் பலன் தந்தது இதுதான். கும்பகோணத்தில் விளக்குக் கடை என்று தேடினால் முதலில் வருவது மேப் பட்டியல். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். முன்பு இந்த ப்ரொஃபைலிலேயே ஒரு சின்ன வெப்சைட் செய்து தருவார்கள், 2024 மார்ச்சில் அதை மூடிவிட்டார்கள். விசிட்டிங் கார்டில் அந்தப் பழைய முகவரியை இன்னும் அச்சடித்து வைத்திருக்கும் கடைகளை நானே பார்க்கிறேன், அது இப்போது எங்கும் போகாது.

உறுதிப்படுத்தலுக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருப் பெயர் அல்லது பக்கத்துக் கடைகள் தெரிய ஆரம்பித்து, உங்கள் பெயர்ப்பலகை, பிறகு ஷட்டர் பூட்டைச் சாவி போட்டுத் திறப்பது அல்லது கல்லாவைத் திறப்பது, உள்ளே சரக்கு என்று வரிசையாகக் காட்டுங்கள். நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்குத்தான் அந்தச் சாவி. எனக்கு முதல் தடவை நிராகரித்தார்கள், தெருவைக் காட்டாமல் கடைக்குள் இருந்தே தொடங்கியதால். வங்கி விவரம், வாடிக்கையாளர் முகம் படத்தில் வர வேண்டாம். பரிசீலிக்க ஐந்து வேலை நாள் வரை ஆகும்.

பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் ப்ரொஃபைலிலும் இருக்க வேண்டும். பெயரோடு ‘சிறந்த பித்தளை விளக்குக் கடை கும்பகோணம்’ என்று ஒட்ட வைத்தால் முடக்கப்பட வாய்ப்பு அதிகம். முடக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் சான்று சேர்க்கும் படிவத்தைத் திறந்த பிறகு 60 நிமிடத்துக்குள் பதிவேற்றி முடிக்க வேண்டும். முதல் படியில் சேர்த்து வைக்கச் சொன்ன கோப்பு இதற்குத்தான். ஜிஎஸ்டி சான்றிதழ், மின் ரசீது, ப்ரொஃபைல் மூன்றிலும் கடைப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

நல்ல விமர்சனம் எழுதுபவர்களுக்குத் தள்ளுபடி கொடுப்பது விதிக்கு எதிரானது. வாங்கியவர்களிடம் கேட்கலாம், அதுவே போதும். கூகுளிலிருந்து பேசுகிறோம், லிஸ்டிங் காலாவதியாகப் போகிறது, 2,000 ரூபாய் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், ப்ரொஃபைலுக்கு கூகுள் பணம் வாங்குவதில்லை.

8. பிங், சாட்ஜிபிடி

இது அரை மணி நேர வேலை. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டர் டூல்ஸில் கணக்கு தொடங்கி, சர்ச் கன்சோலில் இருந்து இறக்குமதி செய்யும் பொத்தானை அழுத்தினால் தளம் வந்துவிடும். சாட்ஜிபிடி தேடலில் உங்கள் பக்கம் வர வேண்டுமானால் ரோபோட்ஸ் கோப்பில் (எந்த நிரல் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் கோப்பு) ஓஏஐ சர்ச்பாட் என்ற நிரல் தடுக்கப்படாமல் இருக்க வேண்டும். ஜிபிடிபாட் என்பது வேறு, அது மாடலைப் பயிற்றுவிக்க எடுப்பது, அதைத் தடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். தளப் பாதுகாப்புக்கு க்ளவுட்ஃப்ளேர் சேவையைப் பயன்படுத்துபவர்கள் அங்கேயும் பாருங்கள், 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் டொமைன்களில் ஏஐ கிராலர்களை (பக்கங்களைத் தானாகப் படித்து எடுக்கும் நிரல்களை) தடுப்பதே அங்கு இயல்பான தேர்வு.

ஏஐ பதிலில் வருவதற்கென்று தனியாக ஒரு கோப்பு, தனிக் குறியீடு என்று 15,000 ரூபாய்க்குப் பேக்கேஜ் சொன்னார்கள். ஏஐ ஓவர்வியூவில் வருவதற்குத் தனித் தேவை எதுவும் இல்லை, வழக்கமான தேடலுக்கு என்ன வேண்டுமோ அதுதான் என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

9. செலவு, காலம்

நானே செய்யத் தொடங்கிய பிறகு என் செலவு, டொமைன், ஹோஸ்டிங் போக, ஒரு டெவலப்பருக்கு ரீடைரக்டும் படங்களும் சரி செய்யக் கொடுத்த 6,500 ரூபாய்தான். உதவிக்கு ஆள் வைத்தால் வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விலை எழுதி வாங்குங்கள். ‘முதல் பக்கம் கேரண்டி சார்’ என்பவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள், அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. நூறு பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு) 5,000 ரூபாய் என்று விற்பவரிடமும் அப்படியே. லாகினை எப்போதும் எடிட்டர் உரிமையோடு கொடுங்கள், அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

தொழில்நுட்பக் கோளாறைச் சரி செய்தால் சில நாட்களில் இருந்து சில வாரங்களில் பக்கங்கள் திரும்ப வரும். முக்கியமான பக்கங்களை சர்ச் கன்சோலின் யுஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், ஒரு நாளைக்குச் சிலவற்றுக்கு மேல் அனுமதிக்காது, திரும்பத் திரும்பக் கேட்டால் வேகமாகவும் நடக்காது. உள்ளடக்கத்தைத் திருத்தியதன் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். அந்த இடைவெளியில் மறுபடி எல்லாவற்றையும் மாற்றிவிடக்கூடாது, இது மிகவும் கஷ்டம், எனக்கும் கை பரபரத்தது. ஒரு நோட்டில் தேதி, எந்தப் பக்கம், என்ன மாற்றினேன் என்று மூன்று பத்தி போட்டு எழுதினேன், மாதம் ஒரு தடவைதான் சர்ச் கன்சோலைத் திறந்தேன்.

பத்து மாதம் கழித்து, மாதக் கிளிக் 2,100-ல் நிற்கிறது. பழைய 4,000 திரும்பவில்லை, திசை, பலன் கேட்டு வந்தவர்கள் இனி வரப்போவதும் இல்லை. ஆனால் வாட்ஸ்அப் விசாரணை 2023-ல் இருந்த அளவுக்கு வந்துவிட்டது, வருபவர்கள் எடையும் அளவும் ஏற்கெனவே படித்துவிட்டு, ‘அந்த இரண்டரை அடி விளக்கு இருக்கிறதா அண்ணா’ என்று நேராகக் கேட்கிறார்கள்.